பெரிய ஸ்டேடியத்தில் கூடைப்பந்து: எங்கே உட்கார்ந்தால் என்ன தெரியும்? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டியின் கடைசிக் கட்டத்துக்கு ‘ஃபைனல் ஃபோர்’ என்று பெயர். இரண்டு அரையிறுதி, ஓர் இறுதி. ஆண்களுக்கான இந்த ஆட்டங்கள் 1997 முதல் கூரை போட்ட பெரிய ஸ்டேடியங்களில்தான் நடக்கின்றன. அவை பெரும்பாலும் அமெரிக்கக் கால்பந்துக்காகக் கட்டப்பட்டவை. டெக்சாஸில் இருப்பதால் ஒவ்வொரு வருடமும் நண்பர்கள், உறவினர்கள் யாராவது டிக்கெட் வாங்கும் முன் என்னிடம் கேட்பார்கள்: “இந்த இடத்திலிருந்து தெரியுமா?” அந்தக் கேள்விகளுக்கு நான் சொல்லிவரும் பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

கூடைப்பந்துக்கு என்றே அரங்கங்கள் இருக்கும்போது கால்பந்து ஸ்டேடியம் எதற்கு?

கூட்டத்துக்காக. கூடைப்பந்து அரங்கம் ஒன்றில் 18 ஆயிரம் முதல் 20 ஆயிரம் பேர்வரை உட்காரலாம். சிகாகோவின் யுனைடெட் சென்டர் பெரிய அரங்கம். அதிலேயே 21 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவுதான். கால்பந்து ஸ்டேடியத்தில் அதைப்போல மூன்று, நான்கு மடங்கு கூட்டம் சேரும். 2014 ஃபைனல் ஃபோரின் இறுதி ஆட்டம் டெக்சாஸின் ஆர்லிங்டனில் நடந்தபோது 79,238 பேர் வந்தார்கள். அதே ஸ்டேடியத்தில் 2010-இல் நடந்த என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு, அதாவது லீகின் நட்சத்திர வீரர்கள் மோதும் ஆட்டத்துக்கு, 1,08,713 பேர். 2023 ஜனவரியில் சான் அன்டோனியோ அணி தன் வழக்கமான அரங்கத்தை விட்டுப் பழைய அலமோடோம் ஸ்டேடியத்தில் ஓர் ஆட்டம் ஆடியது. அன்று வந்த 68,323 பேர்தான் என்பிஏ லீக் ஆட்டம் ஒன்றுக்குச் சேர்ந்த அதிகபட்சக் கூட்டம்.

இது அமெரிக்காவின் வழக்கம் மட்டும் இல்லை. 1968 ஏப்ரலில் ஏதென்ஸின் பழைய பளிங்கு ஸ்டேடியத்தில் ஏஇகே அணியும் பிராக் நகரின் ஸ்லாவியா அணியும் திறந்தவெளியில் ஆடிய ஐரோப்பிய இறுதி ஆட்டத்தை 80 ஆயிரம் பேர் உள்ளே இருந்து பார்த்தார்கள். நீளமான குதிரைலாட வடிவ ஸ்டேடியம் அது. அதன் கடைசி வளைவில் உட்கார்ந்தவர்களுக்கு வீரர்கள் எத்தனை சிறியதாகத் தெரிந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இதெல்லாம் எங்கே ஆரம்பித்தது?

அமெரிக்காவில் இதன் தொடக்கமாகச் சொல்லப்படுவது 1968 ஜனவரி 20. ஹூஸ்டனின் ஆஸ்ட்ரோடோம் ஸ்டேடியத்தில் ஹூஸ்டன் பல்கலைக்கழகமும் லாஸ் ஏஞ்சல்ஸின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகமும் மோதின. 52,693 பேர் திரண்டார்கள். 47 ஆட்டங்களாகத் தோற்காமல் வந்த யுசிஎல்ஏவை ஹூஸ்டன் 71-69 என்று வென்றது. ஹூஸ்டனின் எல்வின் ஹேய்ஸ் 39 புள்ளி எடுத்தார். பிற்பாடு கரீம் அப்துல்-ஜப்பார் என்று உலகம் அறிந்த யுசிஎல்ஏவின் லூ அல்சிண்டர், கண்ணின் கருவிழியில் கீறல் பட்டுக் குணமாகாத நிலையில் ஆடினார். வழக்கமாக எடுப்பதைவிட மிகக் குறைவாக, 15 புள்ளிதான் அவரால் எடுக்க முடிந்தது.

லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து கொண்டுவந்த மரத்தளத்தை ஸ்டேடியத்தின் நட்டநடுவே போட்டார்கள். சுற்றிலும் வெறும் தரை. முதல் வரிசை ரசிகரே களத்திலிருந்து 100 அடிக்கு அப்பால். ஸ்டேடியத்தில் இருந்தவர்களைவிட வீட்டில் தொலைக்காட்சி பார்த்தவர்களுக்கு அன்று ஆட்டம் நன்றாகத் தெரிந்திருக்கும். கூட்டம் சேரும் என்று நிரூபித்தது அந்த இரவு. பார்வை சரியில்லை என்பதையும் அதுவேதான் காட்டிக்கொடுத்தது. பின்னால் வந்த ஏற்பாடுகளில் பெரும்பாலானவை அந்த வெறும் தரையை எப்படி நிரப்புவது என்ற கேள்விக்கான பதில்கள்தான்.

களத்தை ஒரு ஓரத்தில் போடுவதற்கும் நடுவில் போடுவதற்கும் என்ன வித்தியாசம்?

நிறைய இருக்கிறது. ஓரத்தில் போட்டால் மூன்று பக்கமும் நிரந்தர இருக்கைகள் நெருங்கி வரும். நான்காவது பக்கத்தில் தற்காலிக கேலரி கட்டி, அதற்குப் பின்னால் மீதி ஸ்டேடியத்தைத் திரை போட்டு மறைத்துவிடலாம். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தின் டோமில் பல வருடங்களாக இப்படித்தான் செய்கிறார்கள். 2019-இல் ட்யூக் அணியுடன் அங்கே நடந்த ஆட்டத்துக்கு 35,642 பேர் வந்தார்கள்.

நடுவில் போட்டால் நான்கு பக்கமும் விற்கலாம், ஆனால் எல்லோருக்கும் தூரம். கணக்குப் போட்டுப் பாருங்கள். அமெரிக்கக் கால்பந்து மைதானம் கோல் பகுதிகளோடு சேர்த்து 360 அடி நீளம், 160 அடி அகலம். கூடைப்பந்துக் களம் 94 அடிக்கு 50 அடி. நடுவில் வைத்தால் பக்கவாட்டில் 55 அடி, இரு முனைகளிலும் 133 அடி சும்மா கிடக்கும். மைதானத்தைச் சுற்றி விடும் இடைவெளி இதற்கு மேல்.

2003 டிசம்பரில் டெட்ராய்ட்டின் ஃபோர்டு ஃபீல்டில் களத்தை நடுவில் போட்டு கென்டக்கி – மிச்சிகன் ஸ்டேட் ஆட்டத்தை நடத்தினார்கள். 78,129 பேர் வந்தார்கள். 2009-இல் அதே இடத்தில் ஃபைனல் ஃபோரும் நடுவில் போட்ட களத்தில் நடந்தது. அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. ரசிகனாக எனக்கு ஓரத்தில் போடும் முறைதான் பிடிக்கும். பாதிப் பேர்தான் பார்க்க முடியும், ஆனால் வந்தவர்கள் பார்ப்பார்கள்.

களத்தை மேடை மாதிரி உயர்த்துகிறார்களே, ஏன்?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் பதில் இதற்குள்தான் இருக்கிறது.

உங்கள் கண்ணிலிருந்து களத்தின் பக்கத்துக் கோட்டுக்கு ஒரு நூல் கட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நூல் முன்வரிசைக்காரரின் கண் மட்டத்துக்கு எவ்வளவு மேலே போகிறது? இந்த இடைவெளியைத்தான் ஸ்டேடியம் வடிவமைப்பவர்கள் ‘சி மதிப்பு’ என்கிறார்கள். சராசரி மனிதருக்குக் கண்ணிலிருந்து உச்சந்தலை வரை ஏறத்தாழ 120 மில்லிமீட்டர். சி மதிப்பு 120 இருந்தால் முன்னால் இருப்பவரின் தலைக்கு மேலாக எல்லாம் தெளிவாகத் தெரியும். 90 இருந்தால் நல்ல பார்வை. 60 என்றால் இரண்டு வரிசை தள்ளி இருப்பவரின் தலைக்கு மேலும், நேர் முன்னால் இருக்கும் இருவரின் தலைகளுக்கு நடுவிலும் பார்த்துச் சமாளிக்கலாம். அதற்குக் கீழே போனால் கழுத்து வலிதான்.

ஓர் உதாரணம். முன்வரிசைக்காரர் களத்தின் கோட்டிலிருந்து 10 மீட்டர் தள்ளி, கண் தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கும்படி உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் அவருக்கு 80 சென்டிமீட்டர் பின்னால், 15 சென்டிமீட்டர் உயரமான படியில். களம் தரையோடு இருந்தால் உங்கள் சி மதிப்பு 50 மில்லிமீட்டர். களத்தை மட்டும் 75 சென்டிமீட்டர் தூக்குங்கள், வேறு எதையும் மாற்ற வேண்டாம்: அதே இருக்கைக்குச் சி மதிப்பு 105 மில்லிமீட்டராகிவிடும். இருமடங்குக்கு மேல்! ஃபைனல் ஃபோரில் களத்தைத் தரையிலிருந்து சுமார் இரண்டரை அடி உயரத்தில் அமைப்பதற்குக் காரணம் இதுதான். பயிற்சியாளர்கள் களத்தின் விளிம்பில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பதையும், மாற்று வீரர்கள் கீழே பள்ளத்தில் இருப்பது போலத் தெரிவதையும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள்.

படியே இல்லாமல் சமதரையில் நாற்காலி போட்டால் என்ன ஆகும்? களத்தை எவ்வளவு உயர்த்தினாலும், அது உங்கள் கண் மட்டத்துக்குக் கீழே இருக்கும்வரை, சி மதிப்பு பூஜ்யத்தைத் தாண்டாது. சமதரை வரிசைகளில் மூன்றாவது நான்காவது வரிசை கிடைத்தால் வாங்காதீர்கள்.

களத்தோரமாகத் தரையில் இருக்கும் இருக்கைதான் சிறந்ததா? விலையும் அங்கேதான் அதிகம்.

கூடைப்பந்து அரங்கத்தில் ஆமாம். ஸ்டேடியத்தில் பல சமயம் இல்லை.

முதல்முறை நான் மகளை இப்படி ஓர் ஆட்டத்துக்குக் கூட்டிப்போனபோது ஆசைப்பட்டுத் தற்காலிகப் பகுதியில் ஒன்பதாவது வரிசை வாங்கினேன். அவளுக்கு அப்போது எட்டு வயது. வளையம் தெரிந்தது, பலகை தெரிந்தது, பந்து மேலே போனால் தெரிந்தது. மற்ற நேரமெல்லாம் முன்னால் இருந்தவரின் தொப்பிதான். “அப்பா, இப்போ யாருகிட்ட பந்து?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இடைவேளையில் அங்கிருந்த பணியாளர் ஒருவர் இரக்கப்பட்டு நிரந்தர கேலரியின் முதல் படிக்கட்டுக்கு அருகில் ஓர் இடத்தைக் காட்டினார். இன்னும் இருபது மீட்டராவது பின்னால். அங்கே போனதும் அவள் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள். ஐந்து பேர் எங்கே நிற்கிறார்கள், யார் யாருக்குத் தடை போடுகிறார்கள், எல்லாம் அவளுக்கே தெரிந்தது.

கீழே நடப்பது இதுதான். களம் 75 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கும்போது முதல் வரிசைக்காரரின் கண், களத்தின் மட்டத்துக்கு வெறும் 45 சென்டிமீட்டர் மேலே இருக்கும். வீரர்களின் முழங்கால் உயரம். முன்னால் நிற்கும் ஒரு வீரர் பின்னால் இருக்கும் மூவரை மறைத்துவிடுவார். பந்து அந்தப் பக்கக் கோட்டுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று கணிக்கவே முடியாது. இதோடு புகைப்படக்காரர்களும் உற்சாகக் குழுவினரும் அணிகளின் பெஞ்சும் குறுக்கே வரும். வீரர்களின் மூச்சையும் ஷூ தேய்கிற சத்தத்தையும் பக்கத்தில் கேட்க ஆசை என்றால் தாராளமாக வாங்குங்கள், அதுவும் ஓர் அனுபவம்தான். ஆட்டத்தைப் படிக்க ஆசை என்றால் மேலே வாருங்கள்.

அப்படியானால் மேல் அடுக்கு? அங்கிருந்து ஏதாவது தெரியுமா?

தலை மறைக்காது. அது நிச்சயம். மேல் அடுக்கு செங்குத்தாக இருக்கும். சில இடங்களில் 34 பாகை வரை சாய்வு. பிரச்சினை தூரம்தான்.

கூடைப்பந்தின் விட்டம் 24 சென்டிமீட்டர். 100 மீட்டர் தூரத்தில் அது, பதினோரு மீட்டர் தள்ளி ஒருவர் பிடித்திருக்கும் பத்து ரூபாய் நாணயம் அளவுக்குத்தான் தெரியும். வீட்டில் கூடத்தின் கடைசியில் ஒருவரை நிற்க வைத்து, அதற்கும் அப்பால் கற்பனை செய்து பாருங்கள். பந்து தெரியும், ஆனால் விரலில் பட்டு வெளியே போனதா என்பது தெரியாது. கையை நீட்டி முஷ்டி மடக்கிப் பிடித்தால் ஒன்றரை முஷ்டி அகலத்துக்குள் மொத்தக் களமும் அடங்கிவிடும். ஜெர்சி எண்ணைப் படிக்க முடியாததால், வீரர்களை அவர்களின் நடையையும் உயரத்தையும் வைத்து அடையாளம் காணப் பழகிக்கொள்வீர்கள்.

சீக்கிரமாகப் போனால் ஒன்றைக் கவனிக்கலாம். கூட்டம் நிறையும் முன், பயிற்சி நேரத்தில், பந்து தரையில் படுவதைப் பார்த்த பிறகு ‘டொப்’ என்ற சத்தம் கொஞ்சம் தாமதமாக வந்து சேரும். 100 மீட்டருக்கு ஏறத்தாழ 0.3 விநாடி. பந்து மேலே எழும்பும்போது சத்தம் வரும். அந்தத் தூரத்தை உடம்பு உணர்வது அப்போதுதான்.

2025 ஏப்ரலில் அலமோடோமில் நடந்த இறுதி ஆட்டத்தைச் சொல்கிறேன். ஃப்ளோரிடா 65, ஹூஸ்டன் 63, கடைசி விநாடிகள். ஹூஸ்டனின் இமானுவேல் ஷார்ப் மூன்று புள்ளி எறியத் தாவினார். ஃப்ளோரிடாவின் வால்ட்டர் கிளேட்டன் பாய்ந்து வந்து மறித்தார். எறிய முடியாமல் ஷார்ப் பந்தைக் கீழே விட்டுவிட்டார். மீண்டும் தொட்டால் ‘டிராவலிங்’ (பந்தோடு விதியை மீறி நகர்வது) என்ற தவறு. அதனால் தொடவும் முடியாமல் பந்தின் பக்கத்தில் நின்றார். ஆட்டமே அந்த ஒரு கணத்தில் முடிந்தது. தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு அந்தத் தவிப்பு முகத்திலேயே தெரிந்தது. உச்சி வரிசையிலிருந்து பார்த்தால் தெரிவது இவ்வளவுதான்: பந்து கீழே உருள்கிறது, எறியப்போனவர் எடுக்கவில்லை. ஏன் என்பதைத் திரையைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

பக்கவாட்டு, கூடைக்குப் பின்புறம், மூலை: எது நல்லது?

பக்கவாட்டில் நடுக்கோட்டுக்கு நேரான இடம் எல்லோருக்கும் பிடித்தது. தொலைக்காட்சிக் கேமராவும் அங்கேதான் இருக்கும், கண்ணுக்குப் பழகிய காட்சி.

கூடைக்குப் பின்புறம் என்றால் ஆட்டத்தின் அமைப்பு அழகாகத் தெரியும்: தடுப்பு போட்டு வெட்டி ஓடுவது, ஆட்கள் இடம் மாறி மறிப்பது. பயிற்சியாளர்கள் இந்தக் கோணத்து வீடியோவை விரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் எறிந்த பந்து நீளமாகப் போகிறதா குட்டையாகப் போகிறதா என்று தெரியாது. பலகை கண்ணாடிதான், என்றாலும் அதைத் தாங்கும் கம்பமும் மேலே இருக்கும் கடிகாரமும் தாழ்ந்த வரிசைகளுக்குக் குறுக்கே நிற்கும். ஸ்டேடியத்தின் நடுவில் களம் இருந்தால் இந்தப் பக்கம்தான் மிக அதிகத் தூரம்.

என் தேர்வு மூலை. பக்கவாட்டின் கடைசிப் பகுதியில், நிரந்தர கேலரியின் கீழ் அடுக்கில், பாதி உயரத்துக்கு மேல். இரண்டு கூடையும் தெரியும், பலகை மறைக்காது, நடுக்கோட்டு இருக்கையைவிட விலையும் பெரும்பாலும் குறைவு.

பெரிய திரை இருக்கிறதே, அப்புறம் என்ன கவலை?

ஆர்லிங்டன் ஸ்டேடியத்தின் திரை 160 அடி அகலம், 72 அடி உயரம். களத்தையே அதன் நீளத்துக்குள் வைத்து இன்னும் 66 அடி மிச்சம் இருக்கும். அது கண் முன்னால் தொங்கும்போது களத்தைப் பார்ப்பது கஷ்டம். திரையை ஒரு பெரிய வசதியாகவே நினைக்கிறேன், மறு ஒளிபரப்புக்கு அது வேண்டும். ஆனால் முழு ஆட்டத்தையும் திரையிலேயே பார்க்க வைக்கும் இருக்கையை முழு விலைக்கு விற்பது நியாயமில்லை. விற்பவர்கள் டிக்கெட்டிலேயே தூரத்தை மீட்டரில் அச்சடித்துவிட வேண்டும் என்பது என் ஆசை.

முன்னால் இருப்பவர்கள் எழுந்து நின்றால்?

கடைசி ஐந்து நிமிடம் எல்லோரும் நிற்பார்கள். நிற்க முடிந்தவர்கள் நின்றுவிடலாம். சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு அந்த ஐந்து நிமிடம், அதாவது ஆட்டத்தின் உயிர்நாடி, முழுதாகப் போய்விடும். மேலே சொன்ன சி மதிப்பு எல்லாம் உட்கார்ந்திருப்பவர்களுக்கான கணக்கு.

வாஷிங்டனில் எம்சிஐ சென்டர் என்ற அரங்கம் கட்டப்பட்டபோது உடல் இயக்கம் இழந்த முன்னாள் படைவீரர்களின் அமைப்பு இதற்காக வழக்குத் தொடுத்தது. சக்கர நாற்காலி இடங்களில் பெரும்பாலானவற்றிலிருந்து, முன்னால் நிற்பவர்களைத் தாண்டிக் களம் தெரிய வேண்டும் என்ற அரசின் விளக்கத்தை 1997-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. ரசிகர்கள் எழுந்து நிற்பார்கள் என்று எதிர்பார்க்கும் இடங்களில், சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அவர்களைத் தாண்டிப் பார்வை கிடைக்க வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்க அரசின் 2010-ஆம் ஆண்டு விதிகளும் சொல்கின்றன. கூடவே ஒரு துணை இருக்கையும் உண்டு. இந்த இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். டிக்கெட் விற்பனை திறக்கும் நாளிலேயே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

வீரர்களுக்கும் பெரிய ஸ்டேடியத்தில் பார்வைப் பிரச்சினை உண்டா?

உண்டு என்று பல வீரர்கள் சொல்கிறார்கள். சாதாரண அரங்கத்தில் கூடைக்குப் பின்னால் உடனே ரசிகர்களின் சுவர் இருக்கும். ஸ்டேடியத்தில் பலகைக்குப் பின்னால் வெகுதூரத்துக்கு வெற்றிடம், தூரத்தைக் கணிப்பது கடினம் என்பது அவர்கள் வாதம். 2011 ஃபைனல் ஃபோரின் இறுதி ஆட்டத்தில், ஹூஸ்டன் ஸ்டேடியத்தில், பட்லர் அணி 64 முறை எறிந்து 12 மட்டுமே போட்டது. எல்லோரும் ஸ்டேடியத்தைக் குறை சொன்னார்கள். 2016-இல் அதே ஸ்டேடியத்தில் வில்லனோவா 71.4 சதவீதம் போட்டு ஓக்லஹோமாவை 95-51 என்று நசுக்கியது. ஆகவே இதில் நான் கறாராக எதுவும் சொல்ல மாட்டேன்.

கூடைப்பந்துக்கென்றே கட்டினால் எப்படி இருக்கும்?

2024-இல் கலிபோர்னியாவின் இங்கிள்வுட்டில் திறந்த இன்ட்யூட் டோமைப் பாருங்கள். ஒரு கூடைக்குப் பின்னால் இடைவெளியே இல்லாமல் 51 வரிசை, செங்குத்தாக, ‘தி வால்’ என்ற பெயரில். வீரர்களுக்குக் கூடைக்குப் பின்னால் மனிதச் சுவர், ரசிகர்களுக்குத் தலை மறைக்காத பார்வை. பனி ஹாக்கிக்கும் சேர்த்துக் கட்டும் அரங்கங்களில் இந்த நெருக்கம் கஷ்டம், ஏனென்றால் அந்தக் களம் 200 அடிக்கு 85 அடி.

ஸ்டேடியங்களிலும் நல்ல தீர்வு இல்லாமல் இல்லை. பிரான்ஸின் லீல் நகர ஸ்டேடியத்தில் கால்பந்துப் புல்வெளியின் பாதி அப்படியே மேலெழும்பி மறுபாதியின் மேல் நகர்ந்து நின்றுகொள்ளும். அடியில் தனியாக ஓர் அரங்கம், தனக்கென்று இருக்கைகளோடு. 2024 ஒலிம்பிக் கூடைப்பந்தின் முதல் சுற்று ஏறத்தாழ 27 ஆயிரம் பேருக்கு முன்னால் அங்கேதான் நடந்தது. நான் பார்த்ததிலும் படித்ததிலும் இதைவிட நேர்த்தியான ஏற்பாடு இல்லை.

டிக்கெட் வாங்கும் முன் எதைச் சரிபார்க்க வேண்டும்?

இணையத்தில் காட்டும் ‘இருக்கையிலிருந்து பார்வை’ படத்தில் கால்பந்து மைதானம் தெரிந்தால் அதை நம்பாதீர்கள். கூடைப்பந்து அமைப்பின் வரைபடத்தைத் தேடுங்கள். உங்கள் பகுதி நிரந்தர கேலரியா தற்காலிகமா என்று பாருங்கள். தற்காலிகம் என்றால் கடைசி வரிசைகளைக் கேளுங்கள், முன் வரிசைகளைவிட அவை மேல். ‘பார்வை குறைவு’ என்ற குறிப்பு இருந்தால் காரணத்தைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

தொலைநோக்கி கொண்டுபோகலாமா?

போகலாம், பையின் விதியை மட்டும் பாருங்கள்; பல ஸ்டேடியங்களில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பைக்குத்தான் அனுமதி. 8 மடங்கு காட்டும் தொலைநோக்கியில் 80 மீட்டரிலிருந்து பத்து மீட்டர் அகலம்தான் ஒரே நேரத்தில் தெரியும், களத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஆட்டம் ஓடும்போது கண்ணில் வைத்தால் பந்தைத் தவறவிடுவீர்கள். ஃப்ரீ த்ரோ (எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும், யாரும் மறிக்காத எறிதல்) போடும்போது எடுங்கள். வீரர் பந்தை இரண்டு முறை தட்டி, மூச்சை விட்டு, வளையத்தை நிமிர்ந்து பார்க்கும் அந்த முகத்தை மேல் அடுக்கிலிருந்தும் பார்த்துவிடலாம்.